முப்பது 'மான்' எத்தனை லட்சம்?

கொரிய மொழி கற்கும் தமிழனுக்கு முதல் வருடம் தேனாக இனிக்கிறது. மூன்றாம் வருடம் நாக்கு கட்டிக்கொள்கிறது. கோபிநத்தத்தில் பிறந்து ஸ்ரீபெரும்புதூரில் பிழைக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் அனுபவம்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. குளிரூட்டப்பட்ட கூட்ட அறை. மேஜைக்கு ஒரு பக்கம் கொரியாவிலிருந்து வந்திருந்த நான்கு பேர், மறுபக்கம் நம்மூர் என்ஜினியர்கள் ஆறு பேர், நடுவே நான். ஒரு ரப்பர் வளையத்துக்கு வருட ஆர்டர் எவ்வளவு என்பதுதான் பேச்சு. கொரிய மேலாளர் 'சாம்சிம்மான்' என்றார். நான் கண் இமைக்காமல் அதை முப்பதாயிரம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அடுத்த அரை மணி நேரம் இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தன. இந்த எண்ணிக்கைக்கு அச்சு செய்யும் செலவுகூடக் கட்டாது என்று நம்மவர்கள் கால்குலேட்டரைத் தட்டினார்கள். இவ்வளவு பெரிய ஆர்டருக்கு ஏன் இப்படி முகம் சுளிக்கிறார்கள் என்று கொரியர்கள் குழம்பினார்கள். கடைசியில் ஓர் இளைஞர் தாளில் 300,000 என்று எழுதி மேஜை நடுவே தள்ளினார். அவர்கள் வழக்கப்படி காற்புள்ளி மூன்று பூஜ்யத்துக்கு முன்னால் மட்டும்தான் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

'மான்' என்றால் பத்தாயிரம். நாம் ஆயிரம், லட்சம், கோடி என்று ஏறுகிறோம். ஆங்கிலம் மூன்று பூஜ்யத்துக்கு ஒரு படி வைக்கிறது. கொரியர்கள் நான்கு பூஜ்யத்துக்கு ஒரு படி வைக்கிறார்கள். பத்து மான் ஒரு லட்சம். ஆயிரம் மான் ஒரு கோடி. பத்தாயிரம் மான் சேர்ந்தால் ஓர் 'ஒக்', அதாவது பத்துக் கோடி. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமல்ல. வகுப்பில் முதல் வருடமே படித்து, தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பாடம். தெரிந்தது வேறு, வேண்டிய நொடியில் வாய்க்கு வருவது வேறு என்பதை அன்று கற்றேன்.

மேலாளர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. மறுநாள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாமல் சென்னையிலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள். எனக்குக் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலை தரப்பட்டது. சம்பளம் குறையவில்லை. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் கொரிய மொழிக்கு வந்த மவுசுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஹூண்டாய் 1996ல் இங்கே கம்பெனி தொடங்கி, 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. பிறகு சாம்சங் வந்தது. 2006ல் சென்னையில் இன்கோ மையம் தொடங்கியது. அங்கே கொரிய வகுப்புகள் நடக்கின்றன. 2010களில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்தது. பின்னர் பி.டி.எஸ். பாடகர்களும் 2021ல் 'ஸ்க்விட் கேம்' தொடரும் வந்து கல்லூரிப் பெண்களையும் பையன்களையும் வகுப்புக்குத் தள்ளின. 2020ன் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளின் பட்டியலில் கொரியனையும் சேர்த்தது. என்னோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் 26 பேர். மூன்றாம் நிலையைத் தொட்டவர்கள் ஐந்து பேர். ஓடிப்போனவர்கள் மக்குகள் அல்ல. அதில் ஒரு பெண் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

தொடக்கம் அத்தனை இனிப்பு என்பதுதான் சிக்கல். 1443ல் மன்னர் ஸெஜோங் உருவாக்கி 1446ல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துகள் 24தான்: மெய் 14, உயிர் 10. கெட்டிக்காரன் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்வான் என்று அந்தக் காலத்திலேயே அரசவை அறிஞர் பெருமையடித்திருக்கிறார். மிகையில்லை. 247 எழுத்து படித்தவனுக்கு இது பொரி உருண்டை. பிறகு அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஒம்மா', புல்லுக்கு 'புல்', நாளுக்கு 'நால்' என்று வரும்போது, நம் மொழியையே யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கருக்கும் அப்படித்தான் தோன்றியது. கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. உலகத்தில் எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் இப்படிச் சில சொற்கள் தற்செயலாக ஒட்டும். இந்தப் பட்டியல் கூட்டத்தில் கைதட்டல் வாங்க உதவும். தொழிற்சாலையில் உதவாது.

உண்மையான ஒற்றுமை வாக்கியத்தின் எலும்பில் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். சாப்பிட்டுப் பார் என்று நாம் சொல்கிறோம். சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கவா முடியும்? ஆனால் கொரியனும் 'மொகொ பொதா' என்று அதே 'பார்'தலைத்தான் ஒட்டவைக்கிறான். செய்து கொடு, செய்து வை எல்லாமே அங்கே அப்படியே உண்டு. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதில் சொல்வரிசைகூட மாறாது. காசு, வீடு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு குறுகிய உகரம் வருகிறதே, நம் இலக்கணம் குற்றியலுகரம் என்கிறதே, அது கொரியனில் தனி உயிரெழுத்தாகவே இருக்கிறது. நம்மூர்ப் பாட்டி பஸ்ஸை 'பஸ்ஸு' என்பது போலவே கொரியப் பாட்டியும் 'பொஸு' என்கிறாள்.

ஆகவே ஆறு மாதத்தில் ஒருவன் தன்னை மேதை என்று நினைத்துக்கொள்கிறான். நானும் நினைத்தேன். கொரிய மொழித் திறன் தேர்வு, 'டோபிக்', 1997லிருந்து நடக்கிறது. மொத்தம் ஆறு நிலை. முதல் இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டினேன். அதற்குப் பின்னால்தான் சுவர்.

அதில் முதல் கல் ஒலி. 'புல்' என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம். மென்மையாகச் சொன்னால் நெருப்பு, மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல், இறுக்கிச் சொன்னால் கொம்பு. ஒரே ப-வை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய தமிழ்க் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். காபிக்கு அவர்கள் சொல்வதில் முதல் உயிர் 'ஒ'வுக்கும் 'அ'வுக்கும் இடைப்பட்டது. அதை 'கோபி' என்று உருட்டிவிட்டால் மூக்கிலிருந்து வடியும் ரத்தம் என்று பொருள். என் ஊர்ப் பெயரின் முதல் பாதி! ஒரு வருடம் முழுக்க நான் கேன்டீனில் மூக்கு ரத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் தமிழர் என்பதால் காபியே கிடைத்தது.

அடுத்தது சொற்கடல். ஆங்கிலத்தில் கணக்கிட்டவர்கள் சொல்வது இது: மிகுதியாகப் புழங்கும் முதல் 1,000 சொற்கள் தெரிந்தால் சாதாரணப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு பிடிபடும். அடுத்த 1,000 சொற்கள் நூற்றுக்கு ஐந்தாறு பங்கைத்தான் கூட்டும். கொரியனிலும் நிலைமை இதுதான் என்று என் நோட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. முதல் வருடம் படித்த ஒவ்வொரு சொல்லும் அன்று மாலையே எங்காவது காதில் விழும். மூன்றாம் வருடம் பாடுபட்டுப் படித்த சொல் ஒரு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும், அதற்குள் மறந்திருக்கும். உழைப்பு அதே அளவுதான். விளைச்சல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

1897ல் இண்டியானாவைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்பவர்களை வாரக்கணக்கில் அளந்து வரைபடம் போட்டார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. செய்தி வாங்கும் வேகம் கொஞ்சம் ஏறி, பிறகு வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் படுத்துவிட்டது, அதுவும் வேலைக்குத் தேவையான வேகத்துக்குச் சற்றுக் கீழே. பலர் கைவிட்டது அங்கேதான். விடாமல் உட்கார்ந்தவர்களுக்கு ஒருநாள் கோடு மறுபடி ஏறியது. அதுவரை எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள் என்பது அவர்களது விளக்கம். 1958ல் ஃப்ரெட் கெல்லர் என்ற உளவியலாளர் அந்தத் தேக்கமே மாயை என்று எழுதினார். இருக்கலாம். ஆனால் தேக்கத்துக்குள் நின்றுகொண்டிருப்பவனிடம் அது மாயை என்று சொல்லிப் பிரயோசனமில்லை.

என் தேக்கத்துக்குப் பாதிக் காரணம் நானே என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. 'சாம்சிம்மான்' சம்பவத்துக்குப் பிறகு நான் கொரியன் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். இளம் என்ஜினியர்களோடு ஆங்கிலம். பெரியவர்களோடு நிச்சயமாகத் தெரிந்த இருபது வாக்கியங்கள். வீட்டில் நம்பிக்கை வரட்டும் என்று முதல் வருடப் புத்தகத்தை மீண்டும் படித்தேன். நம்பிக்கை வந்தது, கொரியன் வரவில்லை. சந்தேகம் வந்தவன் தப்பு நேராத இடத்திலேயே புழங்குகிறான். தப்பு நேராத இடத்தில் புதிதாக எதுவும் படியாது. அது படியாததைக் காட்டிச் சந்தேகம் இன்னும் பெரிதாகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக் கொரியன் கற்க 2,200 மணி நேரம் வகுப்பு வேண்டும் என்கிறது, தமிழுக்கு 1,100. அந்த எண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, நான் செலவழித்த மணிகளை எண்ணி எண்ணித் தோற்றுப்போவது அப்போது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்த மனநிலையில்தான் நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கி, பாலாறு வழியாகக் காட்டுக்குள் போனால் கோபிநத்தம். 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர் மாவட்டம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர் கேட்பது, 2004 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றி. என் முதல் வேலை நேர்முகத்திலும் முதல் கேள்வி அதுதான். ஊருக்குள் கும்பிடப்படுபவர் வேறு: 1991 நவம்பரில் கொல்லப்பட்ட வன அதிகாரி சீனிவாஸ். அவர் முன்னின்று கட்டிய மாரியம்மன் கோயிலில் அவர் படம் இருக்கிறது. பத்திரிகைகள் இந்த இரண்டு பேரைப் பற்றி நிறைய எழுதிவிட்டன. எங்கள் ஊரின் மூன்றாவது விஷயத்தை யாரும் எழுதியதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், ஆனால் பஸ் பலகையில், ரேஷன் கார்டில், பட்டாவில் கன்னடம். இங்கே பிறந்தவன் எல்லோரும் அயல்மொழி மாணவன்தான்.

நான் கொள்ளேகாலில் உறவினர் வீட்டில் தங்கிக் கன்னட வழியில் படித்தேன். தமிழில் பகரத்தில் தொடங்குவது பல இடங்களில் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பாம்பு ஹாவு. இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்த ஜோரில் பாடத்தை 'ஹாட' என்றேன். கன்னடத்தில் அது 'பாட'தான். வகுப்பு சிரித்த சிரிப்பில் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த மாதத்துக்கும், ஸ்ரீபெரும்புதூரில் நான் கடிதம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மாதங்களுக்கும் உள்ள ஒற்றுமை ஊருக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அமாவாசை. மாதேஸ்வரன் மலையில் கூட்டம். அம்மா புளியும் சீத்தாப்பழமும் விற்கப் போனார், துணைக்கு நான். மைசூர், மாண்டியாக்காரர்கள் கன்னடத்திலும் சேலம், தர்மபுரிக்காரர்கள் தமிழிலும் பேரம் பேசினார்கள். அம்மாவின் கன்னடம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஐம்பதுக்கு 'ஐவத்து' என்பதற்குப் பதில் 'ஐம்பத்து' என்பார், வினையைத் தமிழில் முடிப்பார். ஆனால் ஒன்று கவனித்தேன். யார் விலை கேட்டாலும், யார் அளவு சொன்னாலும், அம்மா அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, கூடவே விரலைக் காட்டினார். எதிராளி தலையாட்டிய பிறகே தராசைத் தொட்டார். ஒருவர் அவரது கன்னடத்தைத் திருத்தினார். அம்மா அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, சில்லறை எண்ணத் தொடங்கினார்.

சாயந்திரம் பஸ்ஸில் கேட்டேன்: "தப்பாப் பேசறோம்னு கூச்சமா இல்லையாம்மா?"

"எதுக்குடா கூச்சம்? அவங்க திருத்திட்டுப் போறாங்க. கணக்குல தப்பு வந்தாத்தான் நமக்கு நட்டம்."

இருபத்தைந்து வருடமாக அவர் அந்த மலையில் விற்கிறார். அவருடைய கன்னடமும் ஒருவகையில் தேங்கிப்போனதுதான். ஆனால் எந்தத் தப்பு காசைத் தின்னும், எது தின்னாது என்று பிரித்து வைத்திருக்கிறார். நான் எல்லாத் தப்புக்கும் ஒரே அளவு பயந்தேன். அதனால் எதைக் காக்க வேண்டுமோ அதைக் கோட்டைவிட்டேன்.

திரும்பி வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, எண். தினமும் காலையில் கொரியச் செய்தி ஒலிபரப்பில் வரும் எண்களை மட்டும் கேட்டு, இலக்கத்தில் எழுதினேன். சொல்லாக மாற்றவில்லை. நேரே இலக்கம். கொரியனில் எண்களே இரண்டு ஜாதி: மணிக்குச் சொந்தக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீனத்திலிருந்து வந்த எண். மூன்றரை மணி என்பதற்குள்ளேயே இரண்டும் வந்துவிடும். பால் கணக்கைத் தமிழிலும் போன் நம்பரை ஆங்கிலத்திலும் சொல்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட உரிமையில்லை. மூன்று மாதத்தில் 'மான்' கேட்டால் பேனா தானாக நான்கு பூஜ்யத்துக்கு இடம் விட்டது. தந்திக்காரர்களுக்கு எழுத்து சொல்லானது போல.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. என் கொரியன் முழுக்க ஆங்கிலம் வழியாக வந்திருந்தது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், கூட்டமும் ஆங்கிலத்தில். தலைகீழான வாக்கியத்தை நிமிர்த்தி, பிறகு மறுபடி கவிழ்த்து எனக்கு மூச்சு வாங்கியது. 'உன்', 'நுன்' என்ற சிறு ஒட்டை விளக்க ஆங்கிலப் புத்தகம் நான்கு பக்கம் எடுத்துக்கொள்கிறது. பேச்சுத் தமிழில் "விலை வந்து…" என்று இழுக்கிறோமே, அதற்குக் கிட்டத்தில் வருகிறது என்று யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதனால் கூட்ட அறையை விட்டுவிட்டு, எந்திரங்கள் ஓடும் தளத்தில் கொரியத் தொழில்நுட்பருக்கும் நம் தொழிலாளிகளுக்கும் நடுவே நிற்க அனுமதி கேட்டேன். கௌரவம் குறைந்த வேலை என்றார்கள் நண்பர்கள். அங்கே ஆங்கிலம் கிடையாது. கொரியனிலிருந்து தமிழுக்கு வாக்கியம் ரயில் பெட்டி போல அதே வரிசையில் வந்தது, வினை வரும்வரை நானும் காத்திருந்தேன், கேட்பவரும் காத்திருந்தார். முதல் வாரம் எட்டு இடத்தில் தவறினேன், எண்ணி வைத்தேன். ஒன்றுகூட எண்ணில் இல்லை.

மரியாதை விஷயம் மட்டும் இன்னும் உதைக்கிறது. நமக்கு நீ, நீங்கள் என்று முடிந்துவிடும். அங்கே எதிரே இருப்பவரை 'நீங்கள்' என்பதே பெரும்பாலும் தப்பு, பதவிப் பெயரால் கூப்பிட வேண்டும். சாரை 'சார்' என்றே கூப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் தப்பித்தேன். ஆனால் வினையின் கடைசி அசை ஆளுக்கு ஆள் மாறும்போது இன்றும் வியர்க்கிறது. சீனவழிச் சொற்களில் 'ஹாக்' என்றால் கற்றல் என்று வேரைப் பிடித்து, பள்ளி, மாணவன், பல்கலைக்கழகம், அறிவியல் என்று கொத்தாகப் பிடுங்குவதும் உதவுகிறது. மெதுவாகத்தான்.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஒரு விலைக் கூட்டம். சென்னைக்காரர் வரவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். முதல் எண் வந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை. எழுந்து போய் வெள்ளைப் பலகையில் இலக்கத்தில் எழுதி, மேலாளரைப் பார்த்து, அந்த எண்ணைக் கொரியனில் திருப்பிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி லட்சத்தில் சொன்னேன். அவர் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி எல்லாக் கூட்டத்திலும் இப்படியே செய்யலாம் என்றார்.

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. 'டோபிக்'கில் ஐந்தாம் நிலைக்கு 190 மதிப்பெண் வேண்டும். போன தடவை 186 வாங்கினேன், நான்காம் நிலை. எழுத்துத் தாள்தான் காலை வாரியது. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. அம்மாவிடம் போனில் சொன்னபோது, நாலு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தொகையை ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டார்.